அத்தானின் மரமும் என் பெயர்களும்

அத்தானை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது என்று சொன்னால் அது பொய். அக்காவைக் கலியாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் அவரை எனக்கு நன்றாகவே பிடித்திருந்தது. வீட்டில் கணினிக் கோட் பற்றிக் கதைப்பதற்கு ஒரு ஆள் வந்துவிட்டாரே என்ற சந்தோசம். அவர் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தார். நான் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு, அதே வீட்டில், குசினிக்குப் பக்கத்து அறையிலிருந்து வேலை செய்தேன். வீடு அக்காவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து சேருவார். எனக்கான வீடு பக்கத்து வளவில் கட்டி முடியாமல் லிண்டல் மட்டத்தோடு நின்றது. அது கூரை காணும் வரைக்கும் நான் அக்கா வீட்டில், அத்தானோடு ஒரே மேசையில் சாப்பிட வேண்டும்.

அத்தான் ஓய்வு நேரத்தில் ஒரு கணினி மொழி செய்துகொண்டிருந்தார். தமிழ்ச் சொற்களால் புரோகிராம் எழுதுகிற மொழி. அக்கா செங்கலடிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறாள், அவளுடைய பிள்ளைகளுக்காகத் தொடங்கியது அது. ‘என்றால்’, ‘இல்லாவிட்டால்’, ‘வரை’ என்று எழுதினால் ஓடும். நல்ல மொழி. இப்போதும் சொல்கிறேன், நல்ல மொழி. பிழை மொழியில் இருக்கவில்லை, மரத்தில் இருந்தது.

எந்தக் கணினி மொழியும் ஒரு புரோகிராமை ஓட்டுவதற்கு முன்னால் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கும். அப்படிப் பிரிக்கிற பகுதிக்குப் பார்சர் என்று பெயர். இது நிபந்தனை, இது சுற்று, அதாவது திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலை, இது அந்த வேலைக்குள் வருகிற கூட்டல். அப்படிப் பிரித்தவற்றை ஒன்றுக்குள் ஒன்றாகக் கிளை விட்டு வைக்கும். அதைத்தான் தொடரியல் மரம் என்கிறோம். புரோகிராமைச் சோதிக்கிற, துப்புரவாக்குகிற கருவி எதையாவது எழுத விரும்புகிறவர்கள் இந்த மரத்துக்குள் போய்த்தான் ஆக வேண்டும். போவதற்கு வழி வேண்டும். அந்த வழியைப் போட்டுக் கொடுப்பதும் மொழியைச் செய்தவரின் பொறுப்பு.

அத்தான் வழி போடவில்லை. அவருடைய மரத்தில் எல்லாமே ‘பிள்ளை’. பிள்ளை 0, பிள்ளை 1, பிள்ளை 2. நிபந்தனை ஒரு பிள்ளை, அடைப்புக்குறி ஒரு பிள்ளை, ‘என்றால்’ என்ற சொல்லும் ஒரு பிள்ளை. ‘இல்லாவிட்டால்’ இருந்தால் ஒரு கணக்கு, இல்லாவிட்டால் வேறு கணக்கு. எது எத்தனையாவது என்பது அவருக்குப் பாடம். மற்றவர்களுக்கு?

அக்காவுக்கு வேண்டியிருந்தது ஒரு சின்னச் சோதனைக் கருவி. பிள்ளைகள் எழுதுகிற சுற்றுகள் சில நிற்காமல் ஓடும், ஏனென்றால் நிபந்தனையில் உள்ள பெறுமானத்தை உள்ளே எங்கும் மாற்றியிருக்க மாட்டார்கள். அதை ஒவ்வொரு புரோகிராமாக வாசித்துப் பிடிக்காமல் கருவியால் பிடிக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை முழுக்க அவள் மரத்தின் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பின்னேரம் விறாந்தையில் இருந்த அத்தானிடம் லப்டொப்பைக் கொண்டுபோய்க் கேட்டாள்.

“இதில நிபந்தனை எங்க இரிக்கு?”

அவர் திரும்பியும் பார்க்கவில்லை. “இலக்கணத்த வாசி. எல்லாம் அதில இரிக்கு.”

“வாசிச்சன். விளங்கல்ல.”

“அப்ப திருப்பி வாசி.”

அக்கா என் அறைக்கு வந்தாள். கட்டிலில் லப்டொப்பைப் போட்டாள். “புள்ள, இத மனிசர் பாவிக்கிற மாதிரி ஆக்கித் தா” என்றாள். எனக்கு அத்தான்மேல் வந்த கோபம் அன்றைக்கு வந்ததுதான். அது பிறகு வளர்ந்ததே தவிரக் குறையவில்லை.

அடுத்த கிழமை முழுக்க வேலை முடிந்த பிறகு அதைத்தான் செய்தேன். அவருடைய மரத்துக்கு மேலே இன்னொரு அடுக்காக ஒரு படை போட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் வைத்தேன். நிபந்தனையைக் கேட்டால் நிபந்தனை வரும். ‘இல்லாவிட்டால்’ இல்லையென்றால் மற்றவை இடம் மாறாது, ‘இல்லை’ என்று பதில் வரும். வேண்டாததை மரத்திலிருந்து நீக்கலாம், புதிதாய்ச் சேர்க்கலாம், முடிந்ததும் மரத்திலிருந்து புரோகிராமைத் திரும்ப எழுதலாம். அக்கா பார்த்துவிட்டு, “இப்பதான் இது ஒரு சாமான்” என்றாள். அதைச் சாப்பாட்டு மேசையில், அத்தானுக்குக் கேட்கச் சொன்னதுதான் வினை.

அவர் மீன் முள்ளைச் சாப்பாட்டுக் கோப்பை ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஆரு உங்களக் கேட்ட?”

அதுவரைக்கும் என்னை ‘நீ’ என்றும் ‘புள்ள’ என்றும்தான் கூப்பிட்டவர். அன்றைக்கு ‘உங்கள’ என்றார். எங்கள் வீட்டில் ஒரு ஆள் தன்னைவிட வயது குறைந்தவளை ‘நீங்க’ என்று கூப்பிடத் தொடங்கினால் அது மரியாதை இல்லை, வெட்டிவிட்டதற்கு அடையாளம்.

“அக்கா கேட்டவ” என்றேன்.

“பெயர் வச்சு வச்சு ஊட்டினா ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. மரத்தில கை வைக்க விட்டிருக்கிறீங்க. நீக்கலாமாம், சேர்க்கலாமாம். மரம் மாறக் கூடாது. மாத்தம் வேணும் எண்டா புது மரம் செய்யணும். இது தெரியாமலா கம்பனியில வேலை பார்க்கிறீங்க?”

“உங்கட மரத்தில கை வைக்கத் தேவையே இல்ல அத்தான். ஒருத்தரும் அதுக்குள்ள போக மாட்டாங்க.”

அம்மா மீன் ஆணச் சட்டியோடு குசினி வாசலில் நின்றாள். “என்ன மரத்தக் கா வெட்டப் போறீங்க?” என்று கேட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அத்தான் என்னோடு வாய் திறந்து கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் வேலை செய்தது ஒரே மொழியின் கோட்டில், மாற்றங்கள் போவதும் ஒரே இடத்துக்கு. அதனால் நான் அனுப்புகிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் கீழே அவர் எழுத்தில் குத்துவார். ‘இது வேகம் குறைவு.’ ‘இந்தப் பெயர் இலக்கணத்தில் இல்லை.’ ‘இதை எழுதியவர் பார்சரை வாசித்திருக்கிறாரா?’ நானும் விடவில்லை. ‘வாசித்தேன், அதனால்தான் எழுதினேன்’ என்று பதில் போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய விசைப்பலகை அடிபடும் சத்தம் எனக்குக் கேட்கும். பத்து அடி தூரத்திலிருந்து எனக்கு எழுதுகிற குத்தல் அது என்று தெரியும். கச்சான் காற்றுக் காலம் வேறு. மத்தியானத்தில் வீடு அடுப்பாய்க் கிடந்தது, கரண்ட் போனால் அதுவும் என்னால்தான் என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார்.

பிறகு தவணைப் பரீட்சை வந்தது. அக்காவின் வகுப்பு அந்த மொழியிலேயே செய்முறைப் பரீட்சை எழுதியது. பிள்ளைகள் தங்கள் பெயரைப் புரோகிராமின் முதல் வரியில் ஒரு குறிப்பாக எழுத வேண்டும், குறிப்பு வரியை இயந்திரம் கணக்கில் எடுக்காது. கோப்புகளுக்குக் கணினியின் இலக்கம்தான் பெயர், எந்தப் பிள்ளை எந்தக் கணினியில் இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அக்கா எல்லாவற்றையும் ஒன்றாய்ச் சேர்த்து, வரிகளை ஒழுங்காக்கி வாசிக்கலாம் என்று என்னுடைய படையில் இருந்த ‘திரும்ப எழுது’ என்பதை ஓட்டினாள். அது மரத்தைப் பார்த்து, பழைய கோப்பின் மேலேயே புரோகிராமை எழுதியது. அத்தானின் பார்சரோ குறிப்புகளையும் இடைவெளிகளையும் மரத்தில் வைக்காமலே எறிந்துவிடும். மரத்தில் இல்லாததை எப்படி எழுதுவது? முழு வகுப்பின் பெயரும் போய்விட்டது. அழகாக ஒழுங்குபடுத்திய, ஆருடையது என்று தெரியாத புரோகிராம்கள் மட்டும் மிஞ்சின.

அக்கா வீட்டுக்கு வந்தபோது முகம் கறுத்திருந்தது. அதிபரின் அறையில் நின்று விளக்கம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பரீட்சையைத் திரும்ப வைக்க வேண்டுமாம். ஒரு பிள்ளையின் தாய் பள்ளிக்கூட வாசலிலேயே மறித்து, “ரீச்சர், என்ர மகன் நல்லாத்தான் எழுதினவன், நீங்க அழிச்சுப்போட்டு இப்ப என்ன கா சொல்லுறீங்க?” என்று கத்தியிருக்கிறாள்.

“நான் அப்பவே சொன்னன்” என்று அத்தான் அக்காவிடம் தொடங்கினார். “மரத்துக்கு மேல ஆரும் வந்து ஒட்டுப் போட்டா இப்பிடித்தான்.”

“குறிப்ப எறிஞ்சது அவர்ர பார்சர்” என்று நான் அக்காவிடம் சொன்னேன்.

“திரும்ப எழுதுறது எண்டு ஒண்ட வைக்க முதல் பார்க்கணும், எல்லாம் இரிக்கா எண்டு.”

“எறிய முதல் கேக்கணும், ஆருக்கும் வேணுமா எண்டு.”

அக்கா தோள்பையை நிலத்தில் போட்டாள். “இது என்ர வீடு” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எங்கள் ஊரில் ஒரு பெண் அந்தச் சொல்லைச் சொன்னால் அதற்கு மேல் கதை கிடையாது. அத்தான் எழும்பி வெளியே போனார், நான் அறைக்குள் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா மேசையைத் துடைத்துவிட்டு லப்டொப்பை வைத்தாள். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு ஒருவரை இடது பக்கமும் மற்றவரை வலது பக்கமும் இருக்கச் சொன்னாள்.

“நான் என்ர கருவிய முதலிலயிருந்து எழுதப்போறன். ரெண்டு பேரும் பார்க்கணும். வாய் திறக்கக் கூடாது. ஒரு சொல்லு வந்தாலும் ஒழும்பிப் போயிருவன். அதுக்குப் பிறகு உங்கட மொழிய நீங்களே கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுங்க.”

நான் எத்தனையோ பயிற்சிகளில் இருந்திருக்கிறேன். இப்படிக் கொடுமையான ஒன்றில் இருந்ததில்லை. நீ செய்த சாமானை இன்னொருவர் பாவிப்பதைக் கை கட்டிப் பார்ப்பது ஒரு வேதனை, அதைப் பகையாளியின் பக்கத்தில் இருந்து பார்ப்பது இன்னொன்று.

முதலில் அவள் சுற்றைத் தேடினாள். ‘சுற்று’ என்று தட்டினாள். இல்லை. ‘வரை’ என்று தட்டினாள். அதுவும் இல்லை. நான் வைத்திருந்த பெயர் ‘மீள்செய்கைக்கூற்று’. பாடப்புத்தகத்துத் தமிழ் என்று பெருமையோடு வைத்தது. அக்கா மூக்கைச் சொறிந்துகொண்டு பட்டியலில் மேலும் கீழும் போனாள். சொல்ல வேண்டும் என்று என் நாக்கு துடித்தது. அத்தானின் பக்கத்திலிருந்து மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது. அக்கா திரும்பிப் பார்த்தாள், சிரிப்பு நின்றது.

கண்டுபிடித்தாள். பிழை இருக்கிற இடத்தைக் காட்ட வேண்டிய கட்டம் வந்தது. இடத்தை மரத்திடம் கேட்டாள். அது அத்தானின் பகுதி. அடையாளக் கோடு எழுத்துகளைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. அக்கா பேனையால் திரையில் தொட்டுத் தொட்டு எண்ணினாள். “தொ... கை. ரெண்டு எழுத்து. இது நாலு எண்டு சொல்லுது.”

“அது யூனிகோட்படி...” என்று அத்தான் வாயெடுத்தார்.

“வாய மூடுங்க.”

கணினிக்குத் ‘தொ’ ஒரு எழுத்தில்லை, ‘த’ ஒன்று, அதன் குறி ஒன்று. அவர் கணினிக்குத் தெரிந்தபடி எண்ணி வைத்திருந்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று மொழி செய்தவர், தமிழ்ப் பிள்ளை எப்படி எழுத்து எண்ணும் என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. எனக்குள் ஒரு குளிர்ச்சி வந்தது. சந்தோசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அது கனநேரம் நிற்கவில்லை. பிள்ளைகள் சோதனைக்கென்று போட்டு மறந்த, பெறுமானத்தைத் திரையில் காட்டுகிற ‘காட்டு’ வரிகளை நீக்க அக்கா விரும்பினாள். மரத்தில் ஒவ்வொன்றாய் நடந்து, ‘காட்டு’ வந்தால் நீக்கு என்று எழுதினாள். ஓட்டினாள். பாதிதான் போனது. அடுத்தடுத்து இருந்த வரிகளில் ஒன்றுவிட்டு ஒன்று மிஞ்சியது. ஒன்றை நீக்கினால் அடுத்தது அதன் இடத்துக்கு வந்துவிடுகிறது, நடக்கிறவர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார். மரம் மாறக் கூடாது என்று அந்த ஆள் மீன் சாப்பிட்டுக்கொண்டு சொன்னது இதைத்தான். அவர் கதிரையில் சாய்ந்து, கைகளைத் தலைக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டு, கூரையைப் பார்த்தார். ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

பின்னேரம் அக்கா லப்டொப்பை மூடினாள். “ரெண்டும் சரியில்ல” என்றாள். “நீங்க மரத்தக் கட்டுங்க. குறிப்பு, இடைவெளி ஒண்டும் எறியக் கூடாது. எழுத்த மனிசர் எண்ணுற மாதிரி எண்ணுங்க. மாத்தினா புது மரம் வரட்டும். புள்ள, நீ அதுக்கு வழிய வை. பெயர நான் சொல்லுறன்.”

அடுத்த மாதங்கள் முழுக்க அப்படிச் செய்தோம். ஒரு மேசையில் சாப்பிட்டு, ஒரு சொல்லும் கதைக்காமல். அவர் தன் பகுதியை முடித்தால் அக்காவிடம் சொல்வார், அக்கா என்னிடம் சொல்வாள். “ரெண்டு ஊமையள வச்சுக்கொண்டு சோறு போடுறன்” என்று அம்மா வெல்லாவெளியில் இருக்கிற தன் தங்கைக்குப் போனில் சொல்வது கேட்கும். அவர் வேலை சுத்தமாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட முடியாது. எறியப்பட்டதெல்லாம் மரத்துக்குள் வந்தது. மரத்திலிருந்து திரும்ப எழுதினால் ஒரு இடைவெளி பிசகாமல் முதலில் இருந்தது அப்படியே வந்தது. என்னுடைய பகுதியில் பிழை இருந்தால் அவர் திருத்தமும் அனுப்பினார், கூடவே ஒரு குத்தலும்.

பெயர்கள் அக்காவுடையவை. ‘சுற்று’. ‘நிபந்தனை’. சுற்றுக்குள் இருப்பதற்கு நான் ‘உடல்’ என்று வைத்திருந்தேன், அவள் ‘உள்ளே’ என்று மாற்றினாள். சுற்றின் உள்ளே. பிறகு அதைத் தவிர வேறு பெயர் இருக்க முடியாது என்றே தோன்றியது. எல்லாவற்றிலும் அவள் சரியில்லை. ஒரு செயல்பாடு திருப்பித் தருகிற பெறுமானத்துக்கு ‘முடிவு’ என்றாள். ‘முடிவு’ என்றால் சுற்று முடிகிற இடம் என்று நினைப்பார்கள் என்றேன். “நான் படிப்பிக்கிறவள், எனக்குத் தெரியும்” என்றாள். பிள்ளைகள் நான் சொன்னபடியே குழம்பினார்கள், இன்றைக்கும் குழம்புகிறார்கள். அவள் மாற்றவில்லை.

மொழி வேறு சில பள்ளிக்கூடங்களுக்கும் போன பிறகு, மட்டக்களப்பு டவுனில் மென்பொருள்காரர்கள் கூடுகிற கூட்டமொன்றில் அதைப் பற்றிக் கதைக்க அத்தானைக் கூப்பிட்டார்கள். அக்கா வரச்சொன்னதால் நானும் போனேன். வாவிக்கரையோரம் ஒரு மண்டபம். அத்தான் இஸ்திரி போட்ட சேர்ட்டோடு ஏறினார். பெரிய திரையில் மரம் வந்தது. சுற்று, நிபந்தனை, உள்ளே.

“ஒரு மொழியின் மரத்தைப் பாவிக்கிறவர் அந்த மொழியின் இலக்கணத்தை வாசிக்க வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது” என்றார். என் காதில் விழுந்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை. “அதனால் நான் எண்களைத் தவிர்த்துப் பெயர்களைத் தெரிவு செய்தேன். நான் குறிப்புகளை மரத்திலேயே வைத்திருக்கிறேன்.” நான், நான், நான். ஒரு ‘நாங்கள்’ வரவில்லை. பக்கத்தில் இருந்த ஏறாவூர்க்காரர் ஒருவர், “நல்ல மூளை கா இவருக்கு” என்று என்னிடமே சொன்னார்.

கேள்வி நேரத்தில் எழும்பி நின்றேன்.  

“அந்தப் பெயர்கள ஆர் வச்ச?”

அத்தான் என்னைப் பார்த்தார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவர் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், அவசரப்படாமல் சொன்னார்.

“என்ர மனிசி.”

எல்லாரும் கை தட்டினார்கள். அக்காவை எழும்பச் சொன்னார்கள், அவள் எழும்பிக் கும்பிட்டாள், முகம் முழுக்கச் சிரிப்பு. சொன்னது உண்மை. ஒரு எழுத்தும் பொய் இல்லை. நான் நின்ற இடத்திலேயே இருந்தேன். உண்மையைச் சொல்லி ஒரு ஆளை இப்படி அடிக்கலாம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். திரும்பி வருகிற பஸ்ஸில் அக்காவுக்கும் எனக்கும் நடுவில் அவர் இருந்தார்.

“நீ எழுதினத அவர் சொல்லியிருக்கலாம்” என்று அக்கா அடுத்த நாள் குசினியில் சொன்னாள்.

“நீ அங்க சொல்லியிருக்கலாம்” என்றேன்.

அவள் வெங்காயத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். 

என் வீட்டுக்குக் கூரை போட்டதும் நான் போய்விட்டேன். கதவுகள் வரவில்லை, சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு குடிபோனேன். அம்மா இரண்டு வீட்டிலும் மாறி மாறிச் சாப்பிடுகிறாள். அத்தானும் நானும் வேலியோரம் கண்டால் கண்டதுதான். மரத்தை விட்டுவிடலாம் என்று பல முறை நினைத்தேன். விடவில்லை. நான் விட்டால் அது முழுக்க அவருடையதாகிவிடும். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

போன மாதம் வெல்லாவெளிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் மொழியின் பொதுத் தளத்தில் ஒரு கேள்வி போட்டிருந்தார். சுற்றுக்குள் இன்னொரு சுற்று வந்தால் உள் சுற்றை மட்டும் எப்படி எடுப்பது என்று. அத்தான் ஒரு வழி எழுதினார். நான் அது சுற்றுவழி என்று வேறொன்று எழுதினேன். என்னுடையதில் ஒரு சந்தர்ப்பத்தில் பிழை வரும் என்று அவர் எழுதினார். அவருடையதை வாசிக்க ஒரு இலக்கணப் புத்தகம் வேண்டும் என்று நான் எழுதினேன். அந்த மனிதர் பொறுத்துப் பார்த்துவிட்டு, ‘ஐயா, அம்மா, இதில் எதை நான் செய்வது?’ என்று கேட்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் இரண்டு பேரின் பதில்களும் தளத்தில் இல்லை. தளத்தைப் பார்த்துக்கொள்கிற அக்கா அழித்துவிட்டாள். அந்த இடத்தில் சின்னதாய் ஒரு பதில் போட்டிருந்தாள். வேலை செய்கிறதா என்று ஓட்டிப் பார்த்தேன், செய்தது. அதில் ‘உட்சுற்று’ என்று ஒரு பெயரைப் புதிதாய் வைத்து, அதை மரத்தில் சேர்க்கும்படி எங்கள் இரண்டு பேருக்கும் கட்டளை போட்டிருந்தாள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அவருக்கும் பிடித்திருக்காது. வேலிக்கு அந்தப் பக்கத்து விறாந்தையில் விசைப்பலகை அடிபடத் தொடங்கியது, அவர் எனக்கு முன்னால் முடித்துவிடக் கூடாது என்று நானும் கதிரையை இழுத்துப் போட்டேன்.